பன்னிரண்டு மணி நாற்காலி

"நீங்க நேத்து ராத்திரியே வந்திருக்கணும் அம்மா."

சிஸ்டர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேசைக்கு முன்னால் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்த டீச்சரம்மாவுக்கு அது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"ராத்திரியா? பகல் பன்னிரண்டு மணிக்குல்ல போட்டிருக்கேன்? எடை, பிரஷர் பாக்கணுமேன்னு பத்து மணிக்கே வந்துட்டோம்."

"இல்லம்மா. வியாழக்கிழமை பன்னிரண்டு ஏ.எம்.னு இருக்கு. அப்படின்னா புதன்கிழமை ராத்திரி முடியுற நேரம். மிஷினைத் தயார் பண்ணி வெச்சுட்டுக் காத்திருந்தோம். நீங்க வரல. 'சொல்லாமல் வரவில்லை'ன்னு விழுந்துடுச்சு."

சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். டீச்சரம்மாவின் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கால்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மூச்சாக உடைத்துத்தான் அவரால் பேச முடிந்தது.

"ரிட்டயர் ஆன மனுஷனுக்கு... நைட் ஷிஃப்ட் போட்டுட்டியா டீச்சர்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க முயன்று, மூச்சு போதாமல் விட்டுவிட்டார்.

இந்த வீட்டில் போன வாரம் ஒன்று நடந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் மகனும் மருமகளும் தனியாக வீடு பார்த்திருப்பதாகச் சொன்னபோது, டீச்சரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "சரி." அதோடு மாமியார் மருமகள் பேச்சு அவசியத்துக்கு மட்டும் என்று சுருங்கிப்போனது. பெரியவருக்கு டயாலிசிஸ் நேரம் பதிவு செய்வது, இணையதளம் வந்ததிலிருந்து மருமகளின் வேலையாக இருந்தது. அதையும் டீச்சரம்மா மறுநாளே பிடுங்கிக்கொண்டார். "இனிமே நானே போட்டுக்கிறேன். போகப்போறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

போட்டார். தலைமையாசிரியையாக இருந்தபோது ஒரு பள்ளிக்கூடத்துக்கே கால அட்டவணை போட்ட கை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, தேதியைச் சரிபார்த்து, போனில் சுழலும் எண்களை விரலால் தள்ளிப் பார்த்து, மறுபடி பன்னிரண்டுக்கே கொண்டுவந்து நிறுத்தி, பொறுமையாகத்தான் போட்டார்.

"சரி, இப்ப என்ன பண்றது சிஸ்டர்? இவருக்கு மூச்சு வாங்குதே."

"பகல் ஷிஃப்ட் நிறைஞ்சு போச்சும்மா. அது மட்டும் இல்ல..." சிஸ்டர் குரலைத் தணித்தார். "சொல்லாம வராம இருந்தா, அந்த இடத்தைக் காத்திருக்கிறவங்களுக்குக் குடுத்துடுவாங்க. நாங்க குடுக்கிறதில்ல, கம்ப்யூட்டரே குடுத்துடும். உங்க வியாழக்கிழமை இடம் விடிகாலையிலேயே வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா? அடுத்த வாரம்?"

சிஸ்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். எல்லா வியாழக்கிழமைகளிலும் வேறு பெயர் இருந்தது.

மகன் வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் கழற்றிப்போட்ட மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிவந்தவன். விரலிடுக்கில் கிரீஸ் காயவில்லை. சிஸ்டர் சொன்னதை அவனும் ஒரு முறை கேட்டான். முகம் சிவந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? ஏ.எம்.முக்கும் பி.எம்.முக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"இல்லடா, நான்..."

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுத்தே! தெரியலன்னா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? வீம்பு! உன் வீம்புக்கு அப்பாவைப் பலி குடுக்கணுமா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி சட்டென்று பார்வையைத் தன் செருப்பின் மேல் போட்டுக்கொண்டார். தன் வாழ்நாளில் யாரும் தன்னை நிற்க வைத்துத் திட்டி அறியாத டீச்சரம்மா, சக்கர நாற்காலியைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதினொன்று ஏ.எம். என்றால் அடுத்து வருவது பன்னிரண்டு ஏ.எம். தானே என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார்.  கணவரின் தோளில் நழுவியிருந்த துண்டைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது என்பதைக் கவனிக்காமல் மறுபடியும் சரிசெய்தார்.

மகன் வாசலுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டான்.

*

மருமகள் அப்போது அலுவலகத்தில், யாரோ ஒரு துணிக்கடைக்கான திரையில் பொத்தானின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொதப்பிட்டாங்க" என்றது போன். "பகல் பன்னிரண்டுக்குப் பதிலா பன்னிரண்டு ஏ.எம். போட்டுட்டாங்க. இப்ப நாற்காலி இல்லேங்குறாங்க. அப்பாவுக்கு முகமே வெளுத்துடுச்சு. அந்த வெப்சைட் உங்க கம்பெனி செஞ்சதுதானே? யார்கிட்டயாவது சொல்லி ஏதாவது பண்ண முடியுமா?"

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

அவள் கம்பெனி செஞ்சது மட்டும் இல்லை. அந்த நேரம் பிடிக்கும் கட்டத்தை வரைந்ததே அவள்தான்.

முதலில் அவள் வரைந்தது வேறு. காலை, பகல், மாலை, இரவு என்று நான்கு பெரிய பொத்தான்கள். மேலாளர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கவுன்ட்டர்ல தொங்குற பலகை மாதிரி இருக்கே. கொஞ்சம் ஸ்டைலா பண்ணக்கூடாதா?" அவளுக்கு ரோஷம் வந்தது. விரலால் தள்ளினால் எண்கள் சக்கரம்போல் சுழன்று, மெல்லிய 'டிக்' சத்தத்தோடு நிற்கும்படி ஒன்றைச் செய்தாள். கூட்டத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் போனில் சுழற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். கை தட்டினார்கள். அந்தச் சக்கரம் திறக்கும்போதே பன்னிரண்டில், ஏ.எம்.மில் நிற்கும். கணினிக்கு நாள் தொடங்குவது அங்கேதான். ஏ.எம்., பி.எம். எழுத்துக்கள் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அழகுக்காக அப்படி வைத்திருந்தாள்.

மாமனாருக்கு அவளே பதிவு செய்த நாட்களில் அந்த எறும்பை விரல் தானாகத் தொட்டு மாற்றியது. கட்டினவளுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும். மற்றவர்களுக்கு?

"கேக்குதா? பேசு" என்றான் கணவன்.

"பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

போனை வைத்தாள்.  அது தன் வேலை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை.

மையத்தின் பதிவுகளைப் பார்க்க அவள் குழுவுக்கு அனுமதி உண்டு. திறந்தாள். இரவு ஷிஃப்ட்டை மட்டும் பிரித்துப் பார்த்தாள். 'வரவில்லை.' 'வரவில்லை.' 'வரவில்லை.' திரையை இழுக்க இழுக்க அதே வார்த்தை. தொலைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்த காலத்துப் பக்கங்களுக்குப் போனாள். அங்கே இரவு ஷிஃப்ட் ஒழுங்காக நிறைந்திருந்தது.

அப்படியானால் மாமியார் ஒருத்தர் மட்டும் இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலாளரின் அறைக்குள் நுழைந்தாள். அவர் பார்த்தார். புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதை முகத்திலிருந்து துடைத்துக்கொண்டார்.

"இது யூசர் தப்பு. கட்டத்துல ஏ.எம்.னு எழுதியிருக்கில்ல? படிச்சுட்டுத்தானே அழுத்துறாங்க?"

"சார், பன்னிரண்டு ஏ.எம்.னா பகலா ராத்திரியான்னு இந்த ஃப்ளோர்ல யாரையாவது கேளுங்க. பாதிப் பேர் யோசிப்பாங்க. உடம்பு முடியாதவங்க வீட்டுல, பதட்டத்துல போடுறாங்க. அதுலயும், வியாழக்கிழமை ராத்திரி வரணும்னா வெள்ளிக்கிழமைத் தேதியில போடணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"சரி, அடுத்த ரிலீஸ்ல சேத்துக்கலாம்."

"அது அடுத்த மாசம் சார். இன்னிக்கே அந்தக் கட்டத்தை மூடிடலாம். பழையபடி போன்லயே வாங்கட்டும்."

"மூடினா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?" அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இதைப் பத்தி மெயில்ல ஒரு எழுத்து எழுதாதே. நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"என் மாமனார் அங்க மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கார்."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"போ. போய் அவரைப் பாரு. லீவெல்லாம் சொல்ல வேண்டாம். ஆனா அங்க போய் வாயைத் திறக்காதே. உனக்காகத்தான் சொல்றேன்."

*

அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடியபோது பெரியவரை உள்ளே ஒரு கட்டிலில் சாய்த்து, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டாயிற்று, அங்கேயும் மிஷின் காலி இல்லை என்றார் டாக்டர். "நுரையீரல்ல தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டார். எங்கேயாவது ஒரு நாற்காலி பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவரும் போனோடு நடந்தார்.

மகன் மாடிப்படியில் நின்று, ஊரில் உள்ள மையங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லா இடத்திலும் ஒரே பதில். நாளைக்குப் பாருங்கள். மனைவியைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"ஏதாவது நடந்துதா?"

அவள் தலையசைத்தாள். இல்லை.

நடைவழி நாற்காலியில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். முதுகு சுவரில் படாமல் நிமிர்ந்து உட்காரும் பழக்கம் உள்ளவர். இன்று முதுகு வளைந்திருந்தது. மருமகளைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"உன்கிட்ட கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான். இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ."

அந்தக் குரல்தான் அவளை உடைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அத்தை, நீங்க தப்பா போடல."

"ஆறுதல் சொல்ல வேண்டாம்மா. என் பிள்ளையே ஊர் முன்னாடி சொல்லிட்டான்."

"ஆறுதல் இல்ல அத்தை. அந்தக் கட்டத்தைப் பண்ணினது நான். சுத்துற நம்பர், ஓரத்துல சின்னதா ஏ.எம்., எல்லாம் என் வேலை. முதல்ல நாலு பொத்தான்தான் போட்டிருந்தேன், அப்புறம் மாத்திட்டேன். பகல்னு எழுதியிருந்தா நீங்க பகல்னு போட்டிருப்பீங்க. நான்தான் எழுதல. உங்களை மாதிரி நிறைய பேர் போட்டிருக்காங்க. ராத்திரி நாற்காலியெல்லாம் சும்மா கிடக்கு. பகல்ல வந்து எல்லாரும் திரும்பிப் போயிட்டிருக்காங்க."

மாடிப்படியில் பேச்சு நின்றது. மகன் இறங்கி வந்தான்.

டீச்சரம்மா மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"அவர் போன் பண்ணினப்பவே புரிஞ்சுடுச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள்.

"அவன் என்னை மூளை இல்லாதவ மாதிரி நிக்க வெச்சுக் கேட்டான். நானும் அதை நம்பிட்டேன். இவ்வளவு நேரம் இந்த நாற்காலியில உக்காந்து, என் புருஷனை என் கையாலயே கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்." டீச்சரம்மா கத்தவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பேசிப் பழகியவர், இப்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். "நீங்க வீடு மாறிப் போறதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கலம்மா."

"அத்தை..."

"அழாதே. அழுறதுக்கு இப்ப நேரம் இல்ல."

மகன் அம்மாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அம்மா" என்றான். டீச்சரம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கையை மட்டும் நீட்டி, அவன் தலைமேல் ஒரு கணம் வைத்து, எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பகல் ஷிஃப்ட் தொடங்கிக்கொண்டிருந்தது. வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் கையை நீட்டிச் சாய்ந்திருந்தார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலி.

"சிஸ்டர், அது யாருக்கு?"

"அதுக்கு ஆள் இருக்கும்மா. இன்னும் வரல. அச்சகத்துல மிஷின் ஓட்டுறவர். வேலை போயிடக்கூடாதுன்னு எப்பவும் ராத்திரிதான் வருவார். என்னமோ இந்த வாரம் பகலுக்குப் போட்டிருக்கார்."

மருமகள் மேசைமேல் சாய்ந்து திரையைப் பார்த்தாள்.

"சிஸ்டர், அவர் பகலுக்குப் போடல. ராத்திரின்னு நெனச்சுத்தான் பன்னிரண்டு பி.எம். போட்டிருக்கார். அத்தைக்கு நடந்த அதே குழப்பம், தலைகீழா. அவர் இப்ப வர மாட்டார். ராத்திரிதான் வருவார்."

சிஸ்டர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நானா எடுத்து மாத்த முடியாதே. அரை மணி நேரம் பாத்துட்டு, கம்ப்யூட்டர் காத்திருப்புல முதல்ல இருக்கிறவருக்கு அனுப்பிடும். அவரே வேண்டாம்னு விட்டுக்குடுத்தாதான், டாக்டர் கையெழுத்துல அவசரத்துக்கு ஏத்தலாம்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"பாதி ஓடிடுச்சு."

டீச்சரம்மா எழுந்துவிட்டார். "நம்பரைப் போடுங்க சிஸ்டர்."

மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்கள். அச்சு இயந்திரத்தின் இரைச்சலில் அந்த மனிதருக்குப் போன் எங்கே கேட்கும்? மகன் அச்சகத்தின் பெயர் என்ன, எங்கே இருக்கிறது என்று சிஸ்டரை விசாரித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தான். உள்ளேயிருந்து பெரியவரின் இருமல் கேட்டது. இருமல்கூட இல்லை, இருமுவதற்கு ஒரு முயற்சி.

"போடுங்க, போட்டுக்கிட்டே இருங்க" என்றார் டீச்சரம்மா.

ஆறாவதோ ஏழாவதோ முறை. ரிசீவருக்குள்ளிருந்து தடதடவென்று இரைச்சல் கொட்டியது. "யாருங்க? வேலையில இருக்கேன்!"

டீச்சரம்மா ரிசீவரை வாங்கிக்கொண்டார். பள்ளி மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்கும் அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது.

"தம்பி! டயாலிசிஸ் சென்டர்லேருந்து பேசுறேன். மிஷினை ஒரு நிமிஷம் நிறுத்துங்க!"

இரைச்சல் நின்றது. யாரோ நிறுத்தினார்கள்.

"உங்களுக்கு இன்னிக்கு எத்தனை மணிக்கு?"

"ராத்திரி பன்னிரண்டுங்க. எப்பவும் போலத்தான். ஏன், என்ன ஆச்சு?"

டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார். "ராத்திரி வாங்க தம்பி. உங்களுக்கு ராத்திரி நாற்காலி உண்டு, சிஸ்டர் எழுதிக்கிறாங்க. பகல் நாற்காலி உங்க பேர்ல தவறுதலா விழுந்திருக்கு. அதை விட்டுக்குடுக்கிறேன்னு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. இங்க ஒருத்தருக்கு உயிர் போற அவசரம்."

"பகலா? நான் பகலுக்குப் போடவே இல்லியே!"

"தெரியும் தம்பி. எனக்குத் தெரியும். சொல்லுங்க."

சொன்னார். சிஸ்டர் ஸ்பீக்கரில் கேட்டு, தட்டச்சு செய்தார். டாக்டர் நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகன் ஒரு பக்கம் பிடித்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களில் சிவப்பு ஓடத் தொடங்கியபோதுதான் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவரும் சிரிக்கவில்லை.

"தப்பிச்சுட்டாரா?" என்றாள் மருமகள்.

"நாலு மணி நேரம் போகட்டும். அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார் சிஸ்டர்.

*

கைப்பைக்குள் போன் துடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர். மருமகள் எடுக்கவில்லை. சிஸ்டரிடம் போய் நின்றாள்.

"இன்னிக்கு ராத்திரிக்கு எத்தனை பேர் இருக்காங்க?"

"எல்லா நாற்காலியும் போட்டிருக்காங்க. ஏன்?"

"எத்தனை பேர் நிஜமாவே ராத்திரி வருவாங்கன்னு கேட்டுடலாம் சிஸ்டர். மத்தவங்க நாளைக்குப் பகல்ல வந்து நிப்பாங்க. அவங்களையும் திருப்பி அனுப்பணும். அந்த அச்சகத்துக்காரருக்கும் ஒரு நாற்காலி வேணும்."

சிஸ்டர் யோசித்தார். யாரைக் கேட்பது, யார் அனுமதிப்பது என்றெல்லாம் யோசித்திருக்க வேண்டும். பிறகு மேசைத் தொலைபேசியை அவர்கள் பக்கம் தள்ளினார். "கூப்பிடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

டீச்சரம்மா பேசினார். மருமகள் திரையைப் பார்த்து நம்பர் சொன்னாள். முதல் வீட்டிலேயே, "நாளைக்கு மத்தியானம்தானே? வண்டியெல்லாம் சொல்லியாச்சே!" என்று ஒரு பெண் பதறினாள். இரண்டாவது வீட்டில் அதே பதில். மூன்றாவது ஆள் மட்டும் ராத்திரிதான் என்றார். ஒவ்வொரு முறையும் டீச்சரம்மா சலிக்காமல் விளக்கினார். "வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு ஆனப்புறம் வர்ற பன்னிரண்டு. அதுதான் உங்க பேர்ல இருக்கு. உங்களுக்கு எது வேணும்?" சிலருக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது. சிலருக்கு, ராத்திரியே வந்துவிடுங்கள் என்று சொல்வதைத் தவிர வழியில்லை.

ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் டீச்சரம்மா ரிசீவரை மார்பில் அணைத்துக்கொண்டு கேட்டார். "முதல்ல நாலு பொத்தான் போட்டிருந்தேன்னு சொன்னியே. அதுல என்ன எழுதியிருந்தே?"

"காலை, பகல், மாலை, இரவு."

"இரவுன்னு மட்டும் போதாது. எந்தக் கிழமை இரவுன்னு எழுது. 'வியாழன் முடிஞ்சு வெள்ளி தொடங்குற ராத்திரி'ன்னு. நீளமா இருந்தா இருக்கட்டும்."

"சரி அத்தை."

"முன்கூட்டியே எதுலயும் நிறுத்தி வெக்காதே. ஆள் தொட்டாத்தான் விழணும்."

"சரி."

"நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே."

"நெனைக்கல."

"அடுத்த நம்பரைச் சொல்லு."

மகன் இரண்டு பேருக்கும் தண்ணீர் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றுகொண்டான். அப்பா கண்ணை மூடியிருந்தார். மார்பு ஏறி இறங்குவதை அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றிரவுக்கான பெயர்கள் முடிந்தன. மருமகள் திரையை மேலே தள்ளினாள். கடந்துபோன இரவுகள். 'வரவில்லை' என்று விழுந்தவர்கள். இவர்களில் பலர் வேறு நேரம் பிடித்து மறுபடி வந்திருந்தார்கள். ஒரு பெயர் மட்டும் இரண்டு முறை 'வரவில்லை'. அதற்கப்புறம் எந்தப் பதிவும் இல்லை.

"இவங்க?"

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "அவங்க... ஒரு நாள் பகல்ல வந்தாங்க. நான்தான் மேசையில இருந்தேன். நாற்காலி இல்லேன்னு அனுப்பினேன். மறுபடியும் ராத்திரிக்கே போட்டுட்டு வரல. எனக்குக் கோபம்கூட வந்துது. வேற இடத்துக்குப் போயிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

டீச்சரம்மா ரிசீவரை எடுத்தார். மருமகள் அவர் கையைப் பிடித்தாள்.

"இதை நான் பேசுறேன் அத்தை."

டீச்சரம்மா கொடுத்தார்.

உடனே எடுத்தார்கள். பக்கத்திலேயே யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி. ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா. டயாலிசிஸ் சென்டர்லேருந்து பேசுறோம். உங்க வீட்டுல..."

"எங்கேருந்து?"

"டயாலிசிஸ் சென்டர்மா. நீங்க போட்ட நேரத்துல ஒரு தவறு நடந்திருக்கு. அது உங்க தவறு இல்ல, அதைச் சொல்லத்தான்..."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. 

"இப்பவா?" என்றது அந்தக் குரல். "காரியமெல்லாம் முடிச்சப்புறம் இப்பவா வந்து சொல்றீங்க?"

 மருமகள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றாள். "வெச்சுடாதீங்க. நான் கேக்குறேன்."